பெரிய திரை போன்: வேலைக்கு எது, பொழுதுபோக்குக்கு எது? இரண்டு போன்களை வைத்து ஒரு பாடம்



கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு இரண்டு கேள்விகள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று, கல்வி உதவித்தொகை எப்போது கிடைக்கும் என்பது. மற்றொன்று, “பிள்ளைக்கு ஒரு பெரிய திரை போன் வாங்க வேண்டும், எதை வாங்கலாம்?” என்பது. இரண்டாவது கேள்வியை யாரும் ஆடம்பரத்துக்காகக் கேட்கவில்லை. சென்டாக் விண்ணப்பம் இணையத்தில்தான் நிரப்ப வேண்டும். வகுப்புப் பாடக்குறிப்பு போனுக்குத்தான் வருகிறது. வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுக்கும் சகோதரிகளுக்கு அளவும் ஆர்டரும் வாட்ஸ்அப்பில் வருகின்றன. பிரான்சிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதும் அதே கண்ணாடியில்தான்.

இதற்குச் செலவாவது ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாய். மாதக் கூலியில் குடும்பம் நடத்துபவருக்கு இது சிறு தொகை அல்ல. தவறான பொருளை வாங்கிவிட்டால் அந்தக் குடும்பம் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வேறொன்றை நினைத்துப் பார்க்க முடியாது. எனவே இவ்விதழில் இந்த விலையில் அதிகம் பேசப்பட்ட இரண்டு போன்களை எடுத்துக்கொண்டு, ஒப்பிடுவது எப்படி என்று பாடமாகவே பார்ப்போம். நாளை புது மாடல் வந்தாலும் கணக்கு மாறாது. போன்களின் பெயர்கள் மட்டும் மாறும்.

எடுத்துக்கொண்ட இரண்டு போன்கள்

முதலாவது, சாம்சங் கேலக்ஸி ஏ15 5ஜி. 2023 டிசம்பர் 26 அன்று இந்தியாவில் வெளியானது. திரை 6.5 அங்குலம். 8 ஜி.பி. ராம், 128 ஜி.பி. சேமிப்பு உள்ளதன் வெளியீட்டு விலை 19,499 ரூபாய்.

இரண்டாவது, ரெட்மி நோட் 13 5ஜி. 2024 ஜனவரி 4 அன்று வெளியானது. திரை 6.67 அங்குலம். 6 ஜி.பி. ராம், 128 ஜி.பி. சேமிப்பு உள்ளதன் வெளியீட்டு விலை 17,999 ரூபாய். 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. சேமிப்பு உள்ளது 19,999 ரூபாய்.

இரண்டிலும் அமோலெட் தொடுதிரை. இரண்டிலும் 5000 எம்.ஏ.எச். பேட்டரி. இரண்டும் 5ஜி. கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உடன்பிறப்புகள் போலத் தோன்றும். அதனால்தான் வாங்குபவர் குழம்புகிறார். விற்பவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கிறார்.

பெரிய திரை வந்த வழி

2007இல் வந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம். அதுவே அன்று பெரிதாகத் தெரிந்தது. 2011இல் சாம்சங் கேலக்ஸி நோட் 5.3 அங்குலத் திரையோடும் எழுதுகோலோடும் வந்தபோது, இதைக் காதில் வைத்துப் பேசுவதா, கையில் வைத்துப் படிப்பதா என்று பலர் சிரித்தார்கள். மூன்று ஆண்டுகளில் ஆப்பிள் நிறுவனமே 5.5 அங்குலத்தில் ஐபோன் 6 பிளஸ் கொண்டுவந்தது. இன்று 6.5 அங்குலத்துக்குக் குறைந்த போனைக் கடையில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் இந்த வளர்ச்சியில் ஒரு கண்கட்டு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

அங்குலக் கணக்கு

திரையின் அங்குலம் என்பது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளக்கும் நீளம். அகலத்தை அது சொல்வதில்லை. பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கைப் போட்டால் அகலமும் உயரமும் கிடைத்துவிடும்.

சாம்சங் ஏ15இன் திரை 19.5க்கு 9 என்ற விகிதத்தில் உள்ளது. அகலம் சுமார் 6.92 செ.மீ., உயரம் சுமார் 14.99 செ.மீ. ரெட்மி நோட் 13இன் திரை 20க்கு 9 என்ற விகிதத்தில் உள்ளது. அகலம் சுமார் 6.95 செ.மீ., உயரம் சுமார் 15.45 செ.மீ. (மூலைகள் வளைந்திருப்பதால் உண்மையில் இரண்டிலும் கொஞ்சம் குறையும்.)

அதாவது அகலத்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ரெட்மி அரை சென்டிமீட்டர் அளவுக்கு நீளம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். பரப்பளவில் இது சுமார் மூன்றரை சதவீதம்.

இன்னொரு வியப்பையும் பாருங்கள். 2011இல் வந்த அந்த 5.3 அங்குல கேலக்ஸி நோட்டின் திரை 16க்கு 10 என்ற விகிதத்தில் இருந்தது. அதன் அகலம் சுமார் 7.1 செ.மீ. இன்றைய 6.67 அங்குல போனைவிட அது அகலமானது! பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அங்குலம் ஏறியதெல்லாம் போன் உயரமாக வளர்ந்ததால் ஏறியது. தட்டச்சு செய்யும் விரல்களுக்கு வேண்டியது அகலம். அது கூடவில்லை.

ஆகவே “இது 6.67, அது வெறும் 6.5தான்” என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சுக்கு ஐந்து பைசாகூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

வேலைக்கு எப்படி?

நம் மக்கள் போனில் செய்யும் வேலைகளை நான்காகப் பிரிக்கலாம்: படிவம் படிப்பது, ஆவணத்தைப் படம் எடுத்து அனுப்புவது, தமிழில் எழுதுவது, சேமித்து வைப்பது.

படிவம். அரசு விண்ணப்பமோ கல்லூரிப் பாடக்குறிப்போ பெரும்பாலும் ஏ4 தாளின் அளவில் பி.டி.எஃப். கோப்பாக வருகிறது. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. அதை 7 செ.மீ. திரைக்குள் அடக்கினால் எல்லாம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து 4 புள்ளியாகிவிடும். அதைப் படிக்க இளம் கண்களும் திணறும். போனைக் குறுக்காகத் திருப்பினால் 15 செ.மீ. அகலம் கிடைக்கும். எழுத்து 8 புள்ளிக்கு மேல் வரும். செய்தித்தாள் எழுத்தைவிடச் சற்றுச் சிறியது, ஆனாலும் படிக்கலாம். இதில் இரண்டு போன்களும் ஒன்றே. திரையைத் தானாகத் திரும்பும்படி வைத்துக்கொள்வது எப்படி என்று பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சொல்லிக் கொடுப்பது, எந்த மாடலை வாங்குகிறோம் என்பதைவிடப் பயன் தரும்.

ஆவணப் படம். ரெட்மியில் 108 மெகாபிக்சல் கேமரா, சாம்சங்கில் 50 மெகாபிக்சல் கேமரா. எண்ணைப் பார்த்தால் இருமடங்கு. ஆனால் சாதாரணமாகப் படம் எடுக்கும்போது ரெட்மி ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத் தருகிறது. சாம்சங் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து ஏறத்தாழ அதே 12 மெகாபிக்சல் படத்தைத் தருகிறது. ஒரு ஏ4 தாளை நல்ல தரத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளிகளாக ஸ்கேன் செய்ய 9 மெகாபிக்சலுக்கும் குறைவே போதும். சான்றிதழையும் குடும்ப அட்டையையும் படம் எடுக்க இரண்டும் தாராளம். அதன் பிறகு விண்ணப்பத் தளம் கேட்பது இத்தனை கே.பி.க்குள் சுருக்கிய படம். அங்கே பெரிய கேமராவுக்கு வேலையே இல்லை. தைத்த துணியின் வேலைப்பாட்டையோ சமையல் ஆர்டரையோ படம் எடுத்து விற்பவர்களுக்கும் மெகாபிக்சலைவிட ஜன்னலோரத்து நல்ல வெளிச்சம் பெரிய உதவி.

தமிழில் எழுதுதல். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை இரண்டிலும் வேலை செய்யும். அதில் தமிழ் விசைகளும் உண்டு, பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியும் உண்டு. பத்துப் பக்கக் கட்டுரையையோ கணக்குப் பேரேட்டையோ கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு எழுதுவது கடினம். புளூடூத் விசைப்பலகையை இரண்டோடும் இணைக்கலாம். ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இரண்டு போன்களிலும் கம்பி வழியாக டிவியிலோ புரொஜெக்டரிலோ படம் காட்ட முடியாது. வைஃபை வழிதான். விலை கூடிய சாம்சங் போன்களில் உள்ள டெக்ஸ் என்ற கணினி போன்ற வசதியும் ஏ15இல் இல்லை. நாள் முழுவதும் தட்டச்சும் கணக்கும்தான் வேலை என்றால், இருபதாயிரம் ரூபாயை எந்தப் பெரிய திரை போனிலும் போடாமல், நல்ல நிலையில் உள்ள பழைய மடிக்கணினியைத் தேடுவதே மேல்.

சேமிப்பு. இங்கேதான் உண்மையான வேறுபாடு தொடங்குகிறது. வெளியானபோது சாம்சங் 19,499 ரூபாய்க்கு 128 ஜி.பி. தந்தது. ரெட்மி அதைவிட 500 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு அதே 8 ஜி.பி. ராமுடன் 256 ஜி.பி. தந்தது. மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். இரண்டிலும் கார்டு போடும் இடமும் இரண்டாவது சிம் போடும் இடமும் ஒன்றே. கார்டு போட்டால் ஒரு சிம்தான். தொழிலுக்கு ஒரு எண், குடும்பத்துக்கு ஒரு எண் என்று வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். அவர்களுக்குக் கார்டு என்ற வழி அடைபட்டுவிடும். நிறையப் படமும் காணொளியும் எடுப்பவராக, இரண்டு சிம் வைத்திருப்பவராக இருந்தால் ரெட்மியின் 256 ஜி.பி.க்கு மதிப்பு உண்டு.

பொழுதுபோக்குக்கு எப்படி?

உழைத்துக் களைத்து வருபவர் ஒரு மணி நேரம் கிரிக்கெட்டோ நகைச்சுவைக் காட்சியோ நல்ல பேச்சோ கேட்பது குற்றம் அல்ல. வீட்டில் தனி டிவி இல்லாத குடும்பங்களுக்குப் போன்தான் டிவி. ஆகவே இதையும் சரியாகவே அளப்போம்.

யூடியூப் காணொளிகள் பெரும்பாலும் 16க்கு 9 என்ற விகிதத்தில் இருக்கின்றன. போனைக் குறுக்காகப் பிடித்தால் படத்தின் உயரம் திரையின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். கணக்குப் போட்டால் சாம்சங்கில் படம் சுமார் 12.3 செ.மீ. நீளம், ரெட்மியில் சுமார் 12.4 செ.மீ. நீளம். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்! ரெட்மியின் கூடுதல் நீளம் இரு ஓரத்திலும் கறுப்புப் பட்டையாக நிற்கும். அகலத்திரையில் எடுத்த சினிமாவுக்கு மட்டும் ரெட்மி சற்றுப் பெரிதாகக் காட்டும்.

திரை ஒரு விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதையும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ரெட்மி 120, சாம்சங் 90. விரலால் மேலும் கீழும் தள்ளும்போது 120 வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும். ஆனால் சினிமா விநாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. பெரும்பாலான காணொளிகள் 25, 30 என்ற கணக்கில்தான். படம் பார்ப்பவருக்கு 90க்கும் 120க்கும் வேறுபாடு தெரியப்போவதில்லை.

வெளிச்சத்தில் ரெட்மி முன்னே நிற்கிறது. அதிகபட்சம் 1000 நிட்ஸ், சாம்சங் 800 நிட்ஸ். கடற்கரைச் சாலையில் பகல் வெயிலில் வழி பார்த்து ஓட்டும் ஆட்டோ ஓட்டுநருக்கும், பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞருக்கும் இது பயன்படும். வீட்டுக்குள் இருப்பவருக்குத் தேவைப்படாது. எடையிலும் ரெட்மி சுமார் 175 கிராம், சாம்சங் 200 கிராம். படுத்துக்கொண்டு நீண்ட நேரம் பிடித்திருக்கும் நோயாளிக்கு அந்த 25 கிராம் மணிக்கட்டில் தெரியும். காதில் மாட்டும் பழைய கம்பி இயர்போனை இரண்டிலும் செருகலாம். ரெட்மியை டிவி, ஏ.சி. ரிமோட்டாகவும் பயன்படுத்தலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், ஒரு வயதுக் குழந்தைக்கும் அதைப் பரிந்துரைக்கவில்லை, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. பெரிய திரை என்பதால் சாப்பாடு ஊட்டும்போது முன்னே வைத்துவிடுவது எளிதாகிறது. எளிதாக இருப்பதாலேயே பழக்கமாகிறது. படிக்கும் பிள்ளைகளும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் உள்ள ஒன்றை இருபது விநாடி பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு தரட்டும்.

எத்தனை ஆண்டு உழைக்கும்?

இதுவரை பார்த்ததில் திரை ஏறக்குறைய சமம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் கடையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்தப் போனுக்கு எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும்?

போனில் இன்று வங்கிக் கணக்கு இருக்கிறது, கூகுள் பே இருக்கிறது, ஆதார் படம் இருக்கிறது. திருடர்கள் புதுப்புது ஓட்டைகளைக் கண்டுபிடிக்கிறார்கள். நிறுவனம் அவற்றை அடைத்து அனுப்புவதே பாதுகாப்புப் புதுப்பிப்பு. அது நின்றுவிட்ட போன் பேசும், பாடும், படம் காட்டும். ஆனால் பூட்டு பழுதான கடையைப் போல அது நிற்கும்.

சாம்சங் ஏ15 ஆண்ட்ராய்டு 14 உடன் வந்தது. நான்கு தலைமுறை ஆண்ட்ராய்டு மேம்பாடு, ஐந்து ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று நிறுவனம் அறிவித்துள்ளது. ரெட்மி நோட் 13, ஆண்ட்ராய்டு 14 வெளிவந்த பிறகும் ஆண்ட்ராய்டு 13 உடனேயே விற்பனைக்கு வந்தது. அதற்கான வாக்குறுதிக் காலமும் சாம்சங்கைவிடக் குறைவு. ரெட்மியின் சொந்தச் செயலிகள் சிலவற்றில் விளம்பரமும் எட்டிப் பார்க்கும். அமைப்புகளுக்குள் போய் நிறுத்தலாம். ஆனால் வயதானவர்களுக்கு அதை வேறொருவர்தான் செய்து தர வேண்டும்.

இதற்கு எதிராக ரெட்மியின் பக்கமும் நியாயம் உண்டு. அதற்கு ஐ.பி.54 என்ற தரச்சான்று இருக்கிறது. தூசும் சாரலும் ஓரளவு தாங்கும் என்று பொருள். தண்ணீரில் விழுந்தால் தாங்கும் என்று பொருள் அல்ல. சாம்சங் ஏ15க்கு அந்தச் சான்று இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இருசக்கர வண்டியில் அலைபவருக்கும், மீன் கடையிலும் சமையல்கூடத்திலும் வேலை செய்பவருக்கும் இது பெரிய விஷயம். ரெட்மியின் பெட்டியில் 33 வாட் சார்ஜர் இருக்கிறது. சாம்சங்கின் பெட்டியில் கம்பி மட்டுமே. 25 வாட் சார்ஜரைத் தனியாக வாங்க வேண்டும். வாங்கும்போதே இந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி மாதக் கணக்கு. சாம்சங்கை ஐந்து ஆண்டு, அதாவது 60 மாதம் வைத்துக்கொண்டால் 19,499 ரூபாய் என்பது மாதம் 325 ரூபாய். சார்ஜரைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். 19,999 ரூபாய் ரெட்மியை நான்கு ஆண்டு வைத்துக்கொள்வதாக எண்ணினால் மாதம் சுமார் 417 ரூபாய். 17,999 ரூபாய் ரெட்மியானால் மாதம் 375 ரூபாய். இரண்டே ஆண்டில் “புது மாடல் வந்துவிட்டது” என்று மாற்றினால் எந்தப் போனானாலும் மாதம் எழுநூறு, எண்ணூறு ரூபாய். விலைச்சீட்டு சொல்லாத உண்மையை இந்த ஒரு வகுத்தல் கணக்கு சொல்லிவிடுகிறது. எவ்வளவுக்கு வாங்கினோம் என்பதைவிட எத்தனை மாதம் பயன்படுத்தினோம் என்பதே போனின் உண்மை விலை.

பேட்டரி மட்டும் நடுவில் ஒருமுறை தளரும். அப்போது போனையே மாற்ற வேண்டியதில்லை, பேட்டரியை மாற்றினால் போதும். அதனால் வாங்குவதற்கு முன்பே, அந்த நிறுவனத்தின் சேவை மையம் ஊரில் எங்கே இருக்கிறது, பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டு வையுங்கள்.

“வட்டியில்லாத் தவணை”

நேரு வீதியிலும் அண்ணா சாலையிலும் உள்ள கடைகளில் “நோ காஸ்ட் இ.எம்.ஐ.” என்ற அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் பொறுப்பு. நாம் இங்கே கணக்கை மட்டும் பார்ப்போம்.

2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று தெளிவாகச் சொன்னது. பெரும்பாலும் நடப்பது இதுதான். வங்கி வட்டியைக் கணக்கிடுகிறது. அந்தத் தொகையைக் கடையோ நிறுவனமோ தள்ளுபடியாகக் கழிக்கிறது. ரொக்கமாக வாங்குபவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடி, தவணையில் வாங்குபவருக்கு வட்டியை ஈடுகட்டப் போய்விடுகிறது. வட்டித் தொகையின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், நடைமுறைக் கட்டணமும் தனியே வரலாம். எடுத்துக்காட்டாக, வட்டி 1,500 ரூபாய் என்று கணக்கிடப்பட்டால் அதன் மேல் வரி மட்டும் 270 ரூபாய். ஒரு தவணை தவறினால் அபராதம் வேறு.

வட்டியை விலக்கி வாழ நினைப்பவர் கையெழுத்திடும் முன் ரசீதையும் ஒப்பந்தத்தையும் வாங்கி, “இதில் வட்டி என்ற வரி இருக்கிறதா? ரொக்கமாக வாங்கினால் விலை எவ்வளவு?” என்று இரண்டே கேள்விகள் கேட்கட்டும். விடை தெரிந்துவிடும். மாதம் 2,000 ரூபாய் பத்து மாதம் ஒதுக்கினால் இருபதாயிரம் சேர்ந்துவிடும். அதற்குள் அதே போனின் விலையும் பெரும்பாலும் இறங்கியிருக்கும். அவசரம் என்றால், உறவுக்குள்ளோ மஹல்லாவுக்குள்ளோ அழகிய கடன் கேட்பதில் வெட்கம் இல்லை. கடன் என்றால் தொகையையும் தவணையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உறவினர் கொண்டுவரும் போனும் பழைய போனும்

நம் ஊரில் பல வீடுகளுக்குப் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் தாம் பயன்படுத்திய பெரிய திரை போனைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். நல்ல அன்பளிப்புதான். மூன்றைப் பாருங்கள். அங்குள்ள தொலைபேசி நிறுவனத்தோடு பூட்டப்பட்டதா? அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு இன்னும் வருகிறதா? முந்தைய உரிமையாளர் தம் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டாரா? மூன்றாவதை அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு நேர வித்தியாசம் கணக்கிட்டு ஓ.டி.பி. எண் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

இங்கே பழைய போன் வாங்குபவர்கள் *#06# என்று அழுத்தி ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பாருங்கள். பின்னர் கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதி, ஓர் இடம் விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். போனின் நிலை பதிலாக வரும். 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் இதைப் பார்க்கலாம். உங்கள் போன் தொலைந்தால் அதே தளத்தில் அதை முடக்கவும் வழி உண்டு. பணம் திருடப்பட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம். பழைய போனை விற்கும்போது, உங்கள் வீட்டுப் பெண்களின் படங்களும் ஆவணங்களும் அதில் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்து, முழுவதும் அழித்துவிட்டே கொடுங்கள்.

முடிவாக யாருக்கு எது?

வீட்டிலிருந்து தொழில் செய்பவர், படிக்கும் மாணவர், வயதான பெற்றோர் ஆகியோர் ஒரே போனை நான்கைந்து ஆண்டு வைத்துக்கொள்ளப் போகிறார்கள், பணப் பரிமாற்றமும் அதிலேயே என்றால் சாம்சங் ஏ15 பொருந்தும். காரணம் அதன் நீண்ட பாதுகாப்புக் காலம்.

வெயிலிலும் மழையிலும் வெளியே அலைந்து உழைப்பவர், இரண்டு சிம் வைத்திருப்பவர், நிறையப் படமும் காணொளியும் எடுத்துச் சேமிப்பவர் என்றால் ரெட்மி நோட் 13 பொருந்தும். காரணம் அதன் 256 ஜி.பி. சேமிப்பு, சாரல் தாங்கும் தன்மை, வெயிலில் தெரியும் திரை, பெட்டியிலேயே உள்ள சார்ஜர்.

படம் பார்ப்பதற்கு மட்டும் என்றால் இரண்டும் ஒன்றே. விலை குறைவாகக் கிடைப்பதை வாங்குங்கள். கையில் இருக்கும் போன் நன்றாக ஓடுகிறது, அதற்குப் புதுப்பிப்பும் வருகிறது என்றால் இரண்டுமே வேண்டாம். அந்தப் பணம் பிள்ளையின் அடுத்த பருவக் கட்டணத்துக்கு இருக்கட்டும்.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் ஐந்து விடைகளை எழுதிக்கொள்ளுங்கள்.

1. இந்தப் போனால் வருமானமோ படிப்போ எந்த வேலையில் கூடப்போகிறது?
2. அது வீட்டுக்குள் இருக்குமா, வெயில் மழையில் திரியுமா?
3. ஒரு சிம்மா, இரண்டா? எவ்வளவு சேமிப்பு வேண்டும்?
4. பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை வரும்?
5. சார்ஜர், உறை எல்லாம் சேர்த்த மொத்த விலையை மாதங்களால் வகுத்தால் மாதம் எவ்வளவு?

இந்தத் தாள் கையில் இருந்தால் எந்தக் கடையிலும் தடுமாற வேண்டியதில்லை. விண்ணப்பத்தோடு நம் அலுவலகத்துக்கு வருபவர்கள் இதையும் எழுதிக்கொண்டு வந்தால், சேர்ந்து உட்கார்ந்து பார்த்துச் சொல்ல இன்ஷா அல்லாஹ் நாங்கள் காத்திருக்கிறோம்.